கிராஃபிக் நாவலையும் படத்தையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி: 'பெர்சபோலிஸ்' வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு கிராஃபிக் நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது, இதில் என்ன பெரிய வேலை இருக்கிறது, இரண்டையும் பார்த்து வித்தியாசங்களை எழுதினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் போனது. முதல் வரைவில் 43 வித்தியாசங்களை வரிசையாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஆசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: "சரி, அதனால் என்ன?" என்னிடம் பதில் இல்லை. தப்பான பதிப்பை வாங்கியது, டப்பிங் படத்தை வைத்துக் குறிப்பெடுத்தது, எழுதி வைத்த நேரக் குறிப்புகள் எல்லாம் மாறிப்போனது என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து, மூன்றாவது தடவை எழுதியபோதுதான் கட்டுரை நின்றது. கல்லூரிக்காகவோ, திரைப்படச் சங்கத்தில் பேசுவதற்காகவோ, சும்மா ஆர்வத்துக்காகவோ இதே வேலையில் இறங்கப் போகிறவர்கள் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபோலிஸ்'. ஈரானில் புரட்சியும் போரும் நடந்த காலத்தில் வளர்ந்த ஒரு பெண் தன் கதையைத் தானே வரைந்து சொல்லும் புத்தகம். பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக வந்தது, 2007-இல் அனிமேஷன் படமானது. நீங்கள் வேறு புத்தகத்தை எடுத்திருந்தாலும் படிகள் இவைதான்.

1. எந்தப் பதிப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பணம் வீணாகும் முதல் இடம் இதுதான். ஆங்கிலத்தில் இந்தப் புத்தகம் 2003-இலும் 2004-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. இரண்டும் சேர்ந்த முழுத்தொகுப்பு 2007-இல் வந்தது. அட்டையில் தலைப்பு பெரிதாக இருக்கும். முதல் தொகுதியா முழுத்தொகுப்பா என்பது சின்ன எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்க்காமல் முதல் தொகுதியை மட்டும் வாங்கிவிட்டேன். அதில் கதை 1984-இல் விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அப்புறம் படத்தைப் பார்த்தால் வியன்னா வருகிறது, தெஹ்ரானுக்குத் திரும்பி வருவது வருகிறது, கல்லூரி, கல்யாணம் எல்லாம் வருகிறது. இவை படத்துக்காகச் சேர்த்தவை என்று எண்ணி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் இரண்டாம் தொகுதியில் இருப்பவை என்று தெரிந்ததும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

தமிழில் படிக்க நினைப்பவர்கள் 'பெர்சபோலிஸ்' என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். விடியல் பதிப்பகம் இதை 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை', 'ஈரான்: திரும்பும் காலம்' என்று இரண்டு புத்தகங்களாகக் கொண்டுவந்தது. இந்தத் தலைப்புகளைச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்ப் பதிப்பை மட்டும் வைத்தே தாராளமாக ஒப்பீடு எழுதலாம், ஓவியங்கள் அதே ஓவியங்கள்தான். ஆனால் வசனத்தைச் சொல்லுக்குச் சொல் வைத்து வாதம் செய்யப் போகிறீர்கள் என்றால், நீங்கள் படிப்பது மொழிபெயர்ப்பு என்பதையும் படத்தின் சப்டைட்டில் வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பு என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு விதமாக எழுதியதை, புத்தகத்துக்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் ஓரிடத்தில் எழுதித் திருத்தினேன்.

செலவு: ஆங்கில முழுத்தொகுப்பு எனக்கு 600 ரூபாய் சுமாருக்குக் கிடைத்தது. பழைய புத்தகமாகக் கிடைத்தால் இன்னும் குறையும், ஆனால் முந்தையவர் பேனாவால் கோடு போட்டிருக்கிறாரா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல மை கண்ணைத் தொந்தரவு செய்யும். சென்னையில் இருப்பவர்கள் அலையான்ஸ் ஃபிரான்சேஸ் நூலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம், பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மூலப் பதிப்பு கிடைத்தால் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

டேப்லெட்டிலோ போனிலோ படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில செயலிகள் பக்கத்தை முழுதாகக் காட்டாமல் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும். வாசிக்க வசதிதான். ஒப்பீட்டுக்கு அது விஷம். பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடிவது புத்தகத்துக்கு மட்டுமே உள்ள பலம், அதை அந்த வசதி கெடுத்துவிடுகிறது. அதை அணைத்துவிட்டுப் படியுங்கள்.

2. எந்தப் படம் என்பதையும் முடிவு செய்யுங்கள்

படம் ஒன்றுதான், குரல்கள் இரண்டு. மூலம் பிரெஞ்சு. வளர்ந்த மர்ஜானுக்கு கியாரா மாஸ்ட்ரோயானி, அம்மாவுக்கு காத்ரீன் தெனவ், பாட்டிக்கு டேனியல் தாரியூ குரல் கொடுத்திருக்கிறார்கள். கியாரா நிஜத்திலும் காத்ரீன் தெனவின் மகள். இந்த இருவரும் ஆங்கில டப்பிங்கிலும் பேசியிருக்கிறார்கள், மற்ற குரல்கள் மாறிவிடும்: அப்பாவுக்கு ஷான் பென், பாட்டிக்கு ஜீனா ரோலண்ட்ஸ், அனூஷ் மாமாவுக்கு பாடகர் இகி பாப். குரலைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் எந்த மொழியில் கேட்டீர்கள் என்று கட்டுரையில் சொல்லியே ஆக வேண்டும். முடிந்தவரை பிரெஞ்சில், சப்டைட்டிலோடு பாருங்கள்.

இணையத்தில் வாடகைக்கு எடுப்பவர்கள் கெடு எத்தனை மணி நேரம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பல இடங்களில் பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம்தான். நான் ஒரு வெள்ளி இரவு தொடங்கி, சனி, ஞாயிறு முழுக்க வெளியூர் போய்விட்டு வந்து, குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது கெடு முடிந்திருந்தது. இரண்டாவது தடவை கட்டினேன். மொத்தம் மூன்று தடவை பார்க்கப் போகிறீர்கள், அதனால் விலைக்கு வாங்குவதே பல நேரம் லாபம்.

டிவிடியில் பார்ப்பவர்களுக்கு: நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படம் ஐரோப்பிய பால் (PAL) முறை டிவிடியில் 25 ஃப்ரேமாக ஓடும். அதாவது நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதல் வேகம். படத்தின் தொடக்கத்தில் தெரியாது. முடிவுக்குப் பக்கத்தில் வரும்போது உங்கள் நேரக் குறிப்புக்கும் நண்பருடைய குறிப்புக்கும் மூன்று நான்கு நிமிடம் இடிக்கும். முதலிலிருந்து கடைசி வரை ஒரே பிரதியைப் பயன்படுத்துங்கள், எந்தப் பிரதி என்று எழுதி வையுங்கள்.

3. முதலில் படியுங்கள், பிறகு பாருங்கள்

இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம், நான் உறுதியாகவே சொல்கிறேன். படத்தை முதலில் பார்த்துவிட்டால் அதன் குரலும் வேகமும் மனதில் உட்கார்ந்துவிடும். அப்புறம் புத்தகத்தைப் படிக்கும்போது பாட்டி பேசுவதெல்லாம் டேனியல் தாரியூவின் குரலில்தான் கேட்கும். புத்தகம் உங்களுக்குத் தரும் மௌனம் ஒரு தடவை போனால் போனதுதான்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள். முழுத்தொகுப்பு சுமார் 340 பக்கம், நிதானமாகப் படித்தால் நான்கு மணி நேரம் ஆகும். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள், முதல் நாள் 1984 விமான நிலையம் வரை, மறுநாள் மீதி. அதற்குப் பிறகு ஒரு நாள் விட்டு, படத்தைப் பாருங்கள். அதையும் குறிப்பில்லாமல், இடையில் நிறுத்தாமல். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

முடிந்த உடனே, எதையும் புரட்டாமல், ஒரு தாளில் உங்கள் மனதில் நின்ற ஐந்து இடங்களை எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை. கட்டுரைக்கான விதை பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும்.

4. குறிப்பேடு

பக்கத்தைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு நான்கு பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் புத்தக இடம்: அத்தியாயம், பக்கம், பக்கத்தில் எத்தனையாவது கட்டம். பேனல் என்றும் சொல்கிறார்கள், நான் கட்டம் என்றே எழுதுகிறேன். இரண்டாவதில் படத்தின் நேரம், மணி நிமிடம் நொடியோடு. மூன்றாவதில் கண்ணுக்குத் தெரிவது. நான்காவதில் காதுக்குக் கேட்பது, புத்தகமாக இருந்தால் எழுத்தில் இருப்பது.

அத்தியாயப் பெயரை விடாமல் எழுதுங்கள். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், அத்தியாயம் மாறாது. உங்கள் கட்டுரையைப் படிப்பவர் கையில் வேறு பதிப்பு இருந்தால் அவருக்கு அதுதான் வழி.

புத்தகத்தில் எழுத்து இரண்டு வகை என்பதைக் கவனியுங்கள். கட்டத்தின் மேலே ஓடும் வரிகள் வளர்ந்துவிட்ட மர்ஜானுடையவை. பலூனுக்குள் இருப்பது சிறுமி மார்ஜி (மர்ஜானின் செல்லப் பெயர்) அந்த நேரத்தில் பேசியது. ஒரே கட்டத்துக்குள் இரண்டு வயது ஒன்றாக இருக்கிறது, கண் இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்கிறது. படத்தில் அது முடியாது. பின்னணிக் குரல் பேசினால் பாத்திரம் காத்திருக்க வேண்டும், பாத்திரம் பேசினால் குரல் ஒதுங்க வேண்டும். நான்காவது பத்தியில் இதை மட்டும் பிரித்து எழுதி வந்தாலே, படம் எங்கெல்லாம் அந்தப் பெரியவளின் குரலை விட்டுவிட்டது, அதற்குப் பதில் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். ஈரான் மன்னர் ஷாவின் குடும்பம் ஆட்சிக்கு வந்த கதையை அப்பா சொல்லும் இடத்தைப் பாருங்கள். புத்தகத்தில் அது மற்றப் பக்கங்களைப் போலவே கட்டங்களில் வருகிறது. படத்தில் பொம்மலாட்டம் போல, காகிதப் பொம்மைகள் ஆடுவது போல வருகிறது. விளக்கம் சொல்ல வேண்டிய சுமையைப் படம் வேறொரு ஓவிய முறையின் தோளில் ஏற்றிவிட்டது.

5. மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்

என் 43 வித்தியாசங்களைக் காப்பாற்றியது இந்த ஒரு முடிவுதான். மூன்று இடம் போதும். ஒன்று, புத்தகமும் படமும் வேறு வேறாகத் தொடங்கும் இடமோ முடியும் இடமோ. இரண்டாவது, இரண்டிலும் இருந்தாலும் ஒரு பொருளோ பெயரோ மாறிய இடம். மூன்றாவது, புத்தகம் தன் வடிவத்தாலேயே செய்ததை வேறு எதாலும் அப்படியே செய்ய முடியாத இடம். நான் எடுத்தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் வேறு எடுங்கள்.

தொடக்கம். புத்தகத்தின் முதல் கட்டத்தில் முக்காடு போட்ட பத்து வயது மார்ஜி தனியாக உட்கார்ந்திருக்கிறாள், ஆண்டு 1980. அடுத்த கட்டம் வகுப்புப் புகைப்படம். வரிசையில் சிறுமிகள், எல்லாருக்கும் ஒரே முக்காடு, இடது ஓரத்தில் மார்ஜி உட்கார்ந்திருப்பதால் அவள் தெரியவில்லை என்று மேலே எழுதியிருக்கிறது. உற்றுப் பாருங்கள், கட்டத்தின் விளிம்பில் அவளுடைய ஒரு துண்டு மட்டும் தெரியும். தன் கதையின் இரண்டாவது கட்டத்திலேயே கதைசொல்லி வெட்டுப்பட்டுப் போகிறாள். அதே பக்கத்தின் கடைசியில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் முக்காட்டை எடுத்துக் கயிறு தாண்டி விளையாடுகிறார்கள்.

படம் தொடங்குவது இங்கே இல்லை. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில், வளர்ந்த மர்ஜான், வண்ணத்தில். தெஹ்ரானுக்குப் போக வந்தவள் முக்காடு போட்டுக்கொள்கிறாள், ஆனால் போக முடியவில்லை. உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கிறாள். அங்கிருந்துதான் படம் 1978-க்கும் கறுப்பு வெள்ளைக்கும் போகிறது. விமான நிலையக் காட்சியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். நில்லுங்கள். புத்தகத்தில் கறுப்பு வெள்ளைக்கு எதிர்ப்பக்கம் கிடையாது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உலகமே அந்த இரண்டு நிறம்தான், சாம்பல்கூட இல்லை. படத்தில் நிகழ்காலத்துக்கு வண்ணம் கொடுத்தவுடன் கறுப்பு வெள்ளைக்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது: அது கடந்த காலம், ஊரை விட்டு வந்த ஒருத்தியின் நினைவு. போதாததற்குப் படத்தின் பின்னணிகளில் சாம்பல் நிறச் சாயங்கள் பல. ஆக, இரண்டுமே கறுப்பு வெள்ளை என்று பலர் எழுதும் ஒற்றுமை உண்மையில் மிகப்பெரிய வேற்றுமை. என் கட்டுரையின் மையமே இதுதான் ஆனது, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

கேசட். போர்க்காலத் தெஹ்ரானில் மார்ஜி தெருவில் திருட்டுத்தனமாக விற்கும் பாட்டுக் கேசட் வாங்கப் போகிறாள். புத்தகத்தில் அவள் வாங்குவது பாப் பாடகி கிம் வைல்டும் கேமல் இசைக்குழுவும். ஜீன்ஸ் சட்டை, நைக்கி ஷூ, சட்டையில் மைக்கேல் ஜாக்சன் படம் போட்ட பேட்ஜ். ஒழுங்கு பார்க்கும் பெண்கள் இருவர் பிடித்துக்கொண்டு இது யார் என்று கேட்க, அமெரிக்கக் கறுப்பு முஸ்லிம்களின் தலைவர் மால்கம் எக்ஸ் என்று சமாளிக்கிறாள். படத்தில் அவள் வாங்குவது அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழு, சட்டை முதுகில் பங்க் இசை சாகவில்லை என்ற பொருளில், எழுத்துப் பிழையோடு அவளே ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட வாசகம். அந்தப் பெண்கள் பிடிக்கும் இடத்தில் அவர்கள் உடல் கறுப்புத் துணியாகவே நீண்டு, பாம்பு மாதிரி அவளைச் சுற்றி வளைகிறது.

பாடகர் பெயர் மாறியது என்று ஒரு வரியில் முடிக்கக்கூடிய விஷயம். ஆனால் குறிப்பேட்டின் நான்காவது பத்தியைப் பாருங்கள். காகிதத்தில் கிம் வைல்ட் என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் கேட்காது, பெயர் மட்டும் போதும், அந்தப் பெயரின் அப்பாவித்தனமே விஷயம்: இதற்கா இவ்வளவு பயம்? படத்தில் நிஜமாகவே கேட்டாக வேண்டும். அங்கே கிடார் அலறினால்தான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிற பிள்ளையின் கோபம் அரங்கத்துக்குள் வரும். இது என் வாசிப்பு, உங்களுடையது வேறாக இருக்கலாம். ஆனால் 'மாற்றியிருக்கிறார்கள்' என்பதோடு நிறுத்தாமல், மாற்றியது எந்தப் புலனுக்காக என்று கேட்டால் கட்டுரை நகரத் தொடங்கும்.

கறுப்புக் கட்டம். ஏவுகணை விழுந்து பக்கத்து வீடு இடிந்துபோகிறது. அது பாபா-லெவி குடும்பத்தின் வீடு. அன்று சனிக்கிழமை, யூதர்களுக்கு ஓய்வு நாள், வீட்டில்தான் இருந்திருப்பார்கள். அம்மா மார்ஜியை இழுத்துக்கொண்டு போகும்போது இடிபாட்டுக்குள் அவள் ஒரு வளையலைப் பார்க்கிறாள். தோழி நேதாவுக்கு அத்தை பிறந்த நாளுக்குக் கொடுத்த நீலக்கல் வளையல். அதோடு ஒட்டியிருப்பது என்ன என்று சொல்ல வரும் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது. மார்ஜி வாயைப் பொத்துகிறாள், அப்புறம் கண்ணைப் பொத்துகிறாள். அத்தியாயத்தின் கடைசிக் கட்டம் முழுக் கறுப்பு. படம் எதுவும் இல்லை. எந்த அலறலும் தன் வேதனையை ஆற்றியிருக்காது என்ற பொருளில் அடியில் ஒரு வரி மட்டும்.

இந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை முடிவு செய்வது நீங்கள். நான் முதல் தடவை பக்கத்தைத் திருப்பவே இல்லை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். படத்தில் எவ்வளவு நேரம் என்பதை இயக்குநர் முடிவு செய்துவிட்டார். ஆகவே இந்த இடத்தைப் படத்தில் ஓடவிட்டு, கையில் கடிகாரம் வைத்து எண்ணுங்கள்: இடிபாடு தெரிந்ததிலிருந்து அடுத்த காட்சி தொடங்கும் வரை எத்தனை நொடி, அதில் எத்தனை நொடி சத்தம், எத்தனை நொடி மௌனம். எண்ணிக்கை கையில் இருந்தால் 'உருக்கமாக இருந்தது' என்று எழுத வேண்டிய அவசியம் வராது.

மூன்றாவது இடமாக இதை எடுக்க மனம் வராதவர்கள், சாவி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை எடுக்கலாம். ஏழைப் பையன்களிடம் சொர்க்கத்தின் சாவி என்று சொல்லிப் பொன்நிறம் பூசிய பிளாஸ்டிக் சாவியைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறார்கள். பக்கத்தின் மேல்பாதியில் கண்ணிவெடியில் தூக்கி எறியப்படும் பையன்களின் நிழலுருவங்கள், கழுத்தில் சாவி. கீழே மார்ஜியின் முதல் பார்ட்டி, அம்மா பின்னிக் கொடுத்த ஓட்டைகள் உள்ள ஸ்வெட்டர், ஆணியும் சங்கிலியும் கோத்த மாலை. குதிக்கும் கைகால்களும் தூக்கி எறியப்படும் கைகால்களும் ஒரே மாதிரி. இரண்டையும் கண் ஒன்றாகப் பார்க்கிறது. திரையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் காட்ட முடியும்.

6. விட்டதையும் சேர்த்ததையும் என்ன செய்வது

340 பக்கத்தை 95 நிமிடத்துக்குள் அடைத்தால் நிமிடத்துக்கு மூன்றரைப் பக்கத்துக்கு மேல் போகிறது. விடாமல் முடியாது. அதனால் விட்டவை என்று ஒரு பட்டியல் போடுவதில் பயனில்லை. விட்டவற்றில் ஒன்றை எடுத்து, அது போனதால் மற்றவை எப்படி மாறின என்று பாருங்கள். புத்தகத்தின் கடைசிப் பகுதியில் மர்ஜானும் கணவரும் ஈரானியப் புராணங்களை வைத்து ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குத் திட்டம் வரைகிறார்கள். கல்லூரியில் இருபதுக்கு இருபது மதிப்பெண். நகராட்சியில் அது எடுபடவில்லை. படத்தில் இந்தப் பகுதி இல்லை. இது போனதும் அவள் நாட்டை விட்டுப் போவதற்கான காரணங்களில் வேலை சம்பந்தமான ஏமாற்றம் போய்விட்டது, திருமணமும் மூச்சுமுட்டலும் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு பத்தி எழுத இது போதும்.

சேர்த்ததில் கவனிக்க வேண்டியவர் கடவுள். சிறுமி மார்ஜியோடு படுக்கையில் உட்கார்ந்து பேசும் தாடிக்காரக் கடவுள் இரண்டிலும் உண்டு, மார்க்ஸும் அவரும் பார்க்க ஒன்றுபோல இருப்பார்கள் என்பதும் புத்தகத்தில் வருகிறது. அனூஷ் மாமாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது அவள் கடவுளை விரட்டிவிடுகிறாள். வியன்னாவிலிருந்து திரும்பிய பிறகு மன அழுத்தத்தில் அவள் தன்னை மாய்த்துக்கொள்ள முயல்வதைப் புத்தகம் நேரடியாகச் சொல்கிறது. படத்திலோ அந்த இடத்தில் கடவுளும் மார்க்ஸும் சேர்ந்து வந்து அவளைத் திருப்பி அனுப்புகிறார்கள், உடனே அவள் 'ஐ ஆஃப் தி டைகர்' பாட்டைச் சுருதி சேராமல் கத்திப் பாடிக்கொண்டே எழுந்து வருகிறாள். எனக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்த இடம். புத்தகத்தின் அந்தப் பக்கங்களின் கனம் அதில் குறைந்துபோகிறது என்பதும் எனக்குத் தோன்றியது. இரண்டையும் எழுதினேன், ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்கவில்லை.

7. விழக் கூடாத இரண்டு குழிகள்

முதலாவது, 'படம் புத்தகத்துக்கு உண்மையாக இருக்கிறதா' என்ற கேள்வி. ஆம் அல்லது இல்லை, அதற்குமேல் அது போகாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு இடத்திலும் இதைக் கேளுங்கள்: இங்கே நேரம் யார் கையில் இருக்கிறது? வாசகர் கையிலா, படத்தின் கையிலா? இந்த ஒரு கேள்வி எனக்குக் கட்டுரை முழுவதையும் கோத்துக் கொடுத்தது.

இரண்டாவது, எழுதியவர் ஒருவர், எடுத்தவர் இன்னொருவர், அவர் இவரைப் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதும் பழக்கம். இங்கே அது செல்லாது. படத்தை இயக்கியவர்களே சத்ரபியும் வேன்சான் பரோன்னோவும்தான். மாற்றங்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்து நடந்தவை. ஆசிரியரே எடுத்த படம் என்பதால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தப்பு. புத்தகத்தை முடித்துச் சில ஆண்டுகள் கழித்து அதே ஆள் அதே கதையை வேறு கருவியால் சொல்கிறார், அவ்வளவுதான். வேறு நாவலை எடுத்திருப்பவர்கள் முதல் வேலையாகப் படத்தில் ஆசிரியரின் பங்கு என்ன என்று எழுத்துப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

8. எழுதும்போது

அறிமுகத்தில் வரலாறு எழுதாதீர்கள். ஈரான் புரட்சி பற்றி ஒரு பக்கம், கிராஃபிக் நாவலின் தோற்றம் பற்றி ஒரு பக்கம் என்று நான் ஆரம்பித்திருந்தேன், மூன்றாவது வரைவில் இரண்டையும் எடுத்தேன், ஒருவரும் தேடவில்லை. நேராக உங்கள் முதல் இடத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு இடத்தையும் முதலில் புத்தகத்தில் இருப்பது போலவே விவரியுங்கள், படிப்பவர் கையில் புத்தகம் இல்லை என்று நினைத்துக்கொண்டு. பிறகு படம். அதற்குப் பிறகுதான் உங்கள் கருத்து. இந்த வரிசை மாறினால் கருத்துக்கு ஏற்றபடி காட்சியை வளைத்துவிடுவோம், எனக்கு நடந்தது.

படங்களைச் சேர்க்கலாமா என்று பலருக்குச் சந்தேகம் வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. முழுப் பக்கங்களை வரிசையாகப் போடாமல், பேசும் கட்டத்தை மட்டும், ஆசிரியர் பெயரும் பதிப்பும் பக்கமும் குறிப்பிட்டுப் போடுங்கள். புத்தகமாக அச்சிடுவதாக இருந்தால் பதிப்பகத்திடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது, பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் கடைசி நேரத்தில் கேட்காதீர்கள். புத்தகத்தைப் போனில் படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக வைத்து எடுங்கள். குழல்விளக்கின் கீழ் அந்தக் கறுப்பு பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழும்.

9. நாட்கணக்கும் செலவும்

புத்தகம் கையில் வந்த பிறகு கணக்குப் போடுங்கள், அதற்கு முன் வேண்டாம். தபாலில் வருவதற்கு எனக்குப் பத்து நாள் ஆனது.

முதல் இரண்டு நாள் வாசிப்பு. மூன்றாம் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். நான்காம் நாள் படம், ஐந்து இடங்களின் தாள். ஐந்தும் ஆறும் புத்தகத்தை இரண்டாவது தடவை, குறிப்பேட்டோடு. ஏழாம் நாள் படம் இரண்டாவது தடவை, நேரக் குறிப்போடு. இதற்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், நிறுத்தி நிறுத்திப் பார்க்க அவ்வளவு ஆகும். எட்டாம் நாள் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுப்பது, இதை அவசரப்படுத்தாதீர்கள். அடுத்த மூன்று நாள் எழுத்து. பன்னிரண்டாம் நாள் படம் மூன்றாவது தடவை, சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு. இதைச் செய்யாமல் விடவே விடாதீர்கள். ஓசை போன பிறகு திரையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால், இசை எங்கெல்லாம் உங்களை நடத்திச் சென்றது என்று புரிந்துவிடும். கல்லூரிப் பார்ட்டியில் போலீஸ் வந்து, பையன்கள் மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவி ஓடும் இடத்தை அப்படிப் பார்த்துவிட்டு, சொல்லே இல்லாமல் வரையப்பட்ட அதே இடத்தின் பக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என் மொத்தச் செலவு, தப்பாக வாங்கிய முதல் தொகுதியையும் இரண்டாவது வாடகையையும் சேர்த்து 1,300 ரூபாய்க்குப் பக்கத்தில் போனது. சரியாகச் செய்திருந்தால் 800-க்குள் முடிந்திருக்கும்.

கடைசி இரண்டு நாள் சரிபார்ப்புக்கு. பக்க எண், கட்ட எண், நேரக் குறிப்பு மூன்றையும் புத்தகத்தையும் படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். நினைவிலிருந்து எழுதிய வரிகளை இன்னும் கவனமாகப் பாருங்கள். பாட்டி தினமும் காலையில் மல்லிகைப் பூப்பறித்து மார்க்கச்சைக்குள் வைத்துக்கொள்வதும், உடை மாற்றும்போது அந்தப் பூக்கள் உதிர்வதும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வருவதாக நான் எழுதியிருந்தேன். அது நடுவில், மார்ஜி வியன்னாவுக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவில் வருகிறது. கடைசிப் பக்கத்தில் இருப்பது 1994 செப்டம்பரில் மெஹராபாத் விமான நிலையத்தில் பாட்டியிடம் விடைபெறுவதும், பாட்டி இறந்த தேதியும். மல்லிகை உதிர்ந்து முடிவது படம்.